பாடநூலில் இல்லாத ஐந்தாண்டுகள்

அன்னி பெசன்ட் அம்மையாரை நாம் அனைவரும் அறிவோம். பள்ளி வரலாற்றுப் பாடத்தில் அவருக்கென்று ஒரு பத்தி உண்டு. 1916-இல் தன்னாட்சி இயக்கத்தைத் தொடங்கினார். 1917-இல் கல்கத்தா காங்கிரசுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண்மணி. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தார். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு எழுதினால் போதும். சென்னைக்குப் போய் வந்தவர்கள் பெசன்ட் நகர்க் கடற்கரையில் காற்று வாங்கியும் வந்திருப்பார்கள்.

அந்தப் பத்தியில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. இருபத்தாறாம் வயதில், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு கணவன் வீட்டை விட்டு வெளியேறியவர் அவர். கையில் தொழில் இல்லை, பட்டம் இல்லை, தந்தை இல்லை. அதன்பின் ஐந்தாண்டுகள் அவர் எப்படிப் பிழைத்தார் என்பதை நான் கல்லூரிக்கு வந்த பிறகு நூலகத்தில்தான் படித்தேன். படித்த நாள் முதல் இதை நம் மலரில் எழுத வேண்டும் என்ற எண்ணம்.

வேடசந்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து நாள்தோறும் திண்டுக்கல்லுக்குப் பேருந்தில் வருபவள் நான். விடியற்காலையில் நூற்பாலை வேன்களில் ஏறிப் போகும் பெண்களில் சிலர், கைக்குழந்தையைத் தாய் வீட்டுத் திண்ணையில் விட்டுவிட்டுப் போகிறவர்கள். கணவன் குடித்துவிட்டு அடித்ததால் வந்தவர்கள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் வாழாவெட்டி. அடித்தவனுக்கு அப்படி ஒரு பெயர் நம் மொழியில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தமிழ்த்துறைப் பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்கு உழைத்த பெண்மணி என்றால் காந்திகிராமம் கண்ட டாக்டர் சௌந்தரம் அம்மையார் இருக்கிறாரே, எங்கோ லண்டனில் பிறந்தவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று தோழியர் கேட்டார்கள். அந்தத் திண்ணைகளை நினைத்துத்தான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

அன்னி உட் 1847 அக்டோபர் முதல் நாள் லண்டனில் பிறந்தார். குடும்பம் அயர்லாந்து வழி வந்தது. அவருக்கு ஐந்து வயதாகும்போது தந்தை இறந்தார். தாய் எமிலி அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. புகழ்பெற்ற ஹாரோ பள்ளி இருக்கும் ஊருக்குக் குடியேறி, அப்பள்ளி மாணவர்கள் தங்கி உண்ணும் விடுதி ஒன்றை நடத்தினார். அந்த வருவாயில் தம் மகனை அதே பள்ளியில் படிக்க வைத்தார். ஆண் துணையின்றிப் பிள்ளைகளை வளர்ப்பது எப்படி என்ற பாடத்தை அன்னி தம் வீட்டிலேயே கண்டார் என்று சொல்லலாம். மகளை மட்டும், மேரியட் என்ற செல்வப் பெண்மணி தம்மிடம் வைத்து நல்ல கல்வி கொடுத்தார்.

1867 டிசம்பரில், இருபதாம் வயதில் பிராங்க் பெசன்ட் என்ற இளம் பாதிரியாரை அன்னி மணந்தார். இல்லறம் என்றால் என்ன என்றே அறியாமல் அதில் நுழைந்தவர் அவர். கணவரோ வீட்டில் தம் சொல்லே சட்டம் என்று இருந்தவர். 1869-இல் மகன் டிக்பி பிறந்தான். 1870-இல் மகள் மேபல். கணவர் தம்மை அடித்ததையும் தள்ளியதையும் துப்பாக்கி காட்டி மிரட்டியதையும் பின்னாளில் வழக்கு வந்தபோதுதான் அம்மையார் வெளியே சொன்னார். கணவர் அவற்றை மறுத்தார். 1893-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றில் கூட இருவரும் பொருந்தாத இணை என்ற அளவில் அடக்கமாகவே எழுதிச் சென்றிருக்கிறார். அடிபட்டவர் வெட்கப்படுவதும் அடித்தவர் நிமிர்ந்து நடப்பதும் நம் ஊர் வழக்கம் மட்டும் அன்று போலும்.

அந்த இல்லறத்தைப் புரிந்துகொள்ள ஒரு சிறு நிகழ்ச்சி போதும். மணமான புதிதில் அன்னி சிறுகதைகள் எழுதினார். ஓர் இதழ் அவருடைய முதல் கதையை ஏற்று முப்பது ஷில்லிங் அனுப்பியது. தாமே உழைத்து ஈட்டிய முதல் பணம்! அவருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. ஆனால் அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனைவி ஈட்டுவது கணவனுக்கே உரியது. அந்தப் பணம் பிராங்கின் பைக்குப் போயிற்று. மனைவி தன் உழைப்பின் ஊதியத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் 1870-இல்தான் அந்நாட்டில் வந்தது. ஆலை வாசலில் சம்பள நாளன்று காத்து நிற்கும் கணவன்மாரைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1871-இல் குழந்தைகள் இருவருக்கும் கக்குவான் இருமல் வந்தது. மேபல் சாவின் வாயில் வரை போய்விட்டாள். நீராவி பிடிப்பதற்காகக் கட்டிலைச் சுற்றிக் கூடாரம் போல் துணி கட்டி, அதற்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார் தாய். குழந்தை பிழைத்தது. பச்சைக் குழந்தையை இப்படி வதைக்கும் கடவுள் எப்படிக் கருணையுள்ளவராக இருக்க முடியும் என்ற ஐயம் மட்டும் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. பாதிரியாரின் மனைவிக்கு இப்படி ஓர் ஐயம்! அடுத்த ஆண்டு கணவர் லிங்கன்ஷயரில் உள்ள சிப்சி என்ற சிற்றூர்க் கோயிலுக்குப் பாதிரியாரானார். அங்கேதான் ஒரு நாள் அன்னி, இசைக்கருவி பழகப் போனவர், கோயில் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மேடையில் ஏறி, ஆளில்லாத பெஞ்சுகளுக்கு ஒரு சொற்பொழிவு செய்து பார்த்தார். தம் குரல் அந்தக் கூடத்தில் எழும்பியதைக் கேட்டபோது தமக்குப் பேச வரும் என்பதை அறிந்துகொண்டார். கேட்க ஒருவரும் இல்லாத அந்தச் சொற்பொழிவே அவருடைய முதற் சொற்பொழிவு.

1873-இல் கணவர் முடிவாகச் சொல்லிவிட்டார்: கோயில் வழிபாட்டில் மற்றவர்களைப் போல் கலந்துகொள்ள வேண்டும், இல்லையேல் வீட்டை விட்டுப் போக வேண்டும். நம்பாத ஒன்றை நம்புவதாக நடிக்க அன்னியால் முடியவில்லை. பெற்ற தாயே மகளிடம் விட்டுக்கொடுக்கும்படி மன்றாடினார். எமிலியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணையின்றி வாழ்வதன் பாரத்தை இருபதாண்டுகள் சுமந்தவர் அவர். மகளுக்கு அது வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அந்த அக்டோபரில் பிரிவு ஒப்பந்தம் எழுதப்பட்டது. மகள் தாயிடம், மகன் தந்தையிடம். ஆண்டில் ஒரு மாதம் மட்டும் பிள்ளைகள் மாறிச் செல்லலாம். மாதந்தோறும் ஒரு சிறு தொகை கணவர் தர வேண்டும். அது மரியாதையாகப் பட்டினி கிடக்கத்தான் போதும் என்று அம்மையார் பின்னர் வேடிக்கையாக எழுதினார். நான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு மூன்று வயதுப் பிள்ளையோடு வெளியே வருவது என்றால் என்ன என்பதை எழுதிக் காட்ட எனக்குத் திறமை போதாது.

முதலில் அண்ணன் வீட்டுக்குப் போனார். அண்ணன் இடம் தர மறுக்கவில்லை. ஆனால் கடவுளை மறுக்கும் நண்பர்களோடு உறவை அறுத்துக்கொள்ள வேண்டும் என்றார். ஒரு வீட்டின் நிபந்தனையிலிருந்து இன்னொரு வீட்டின் நிபந்தனைக்கு வருவதற்காகவா வெளியேறினோம் என்று நினைத்தாரோ என்னவோ, அங்கிருந்தும் கிளம்பிவிட்டார்.

இனிப் பிழைப்பு. பெண்கள் வீட்டிலிருந்தே பொருள் ஈட்டலாம் என்ற விளம்பரம் ஒன்றை நம்பி பர்மிங்காம் நிறுவனம் ஒன்றுக்குப் பணம் அனுப்பினார். வந்து சேர்ந்தது ஒரு பென்சில் கூடு. அதைத் தெரிந்தவர்களிடம் விற்றுப் பிழைத்துக்கொள்ள வேண்டுமாம்! பிறகு பூந்தையல் வேலை எடுத்துச் செய்தார். வாரக்கணக்கில் கண் வலிக்கத் தைத்ததற்குக் கிடைத்தது நாலரை ஷில்லிங். ஒரு பவுனுக்கு இருபது ஷில்லிங் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வீட்டில் வேலை செய்யும் சின்னாளபட்டிப் பெண்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். அடுத்ததாக, போக்ஸ்டன் நகரில் ஒரு பாதிரியார் வீட்டில் வேலை கிடைத்தது. ஆசிரியை, சமையற்காரி, செவிலி மூன்றும் அவரே. அதற்கு ஊதியம் தமக்கும் மேபலுக்கும் இடமும் உணவும். அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டை அடைப்பான் நோய் கண்டபோது மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டதும் அவர்தாம்.

1874-இல் லண்டனின் புறநகரான நார்வுட்டில் சிறு வீடு ஒன்று பார்த்தார். தாயும் மகளும் பேத்தியும் சேர்ந்து வாழ்வதாக ஏற்பாடு. அந்த மே மாதத்திலேயே தாய் எமிலி இறந்துவிட்டார். மன்றாடிய தாய்தான், ஆனால் இருந்த ஒரே துணையும் அவர்தான். அதன்பின் அந்த வீட்டில் அன்னியும் மேபலும் மட்டும்.

அந்த நாட்களைப் பற்றிய ஒரு செய்தி என்னை மிகவும் வருத்தியது. அம்மையார் காலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்துக்குப் போய் மாலை வரை படித்துக் குறிப்பெடுப்பார். நாத்திகக் கருத்துகளைச் சிறு நூல்களாக வெளியிட்டு வந்த தாமஸ் ஸ்காட் என்ற முதியவர் அவருக்கு எழுத்து வேலை கொடுத்து நூலுக்குச் சில கினிகள் தந்துவந்தார். படிக்கப் போவதற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. பகல் உணவை வெளியே முடித்துக்கொள்வதாக வீட்டில் சொல்லிவிட்டால், ஒரு வேளைச் சாப்பாடு குழந்தைக்கு மிச்சமாகும். வெளியே அவர் உண்டதில்லை. நம் தாய்மார்கள் எனக்குப் பசியில்லை என்று சொல்லும் அதே பொய்தான் அது. நூலகத்தில் பசியோடு படித்த அந்தப் படிப்பே பின்னாளில் அவருக்குச் சோறு போட்டது.

1874 ஆகஸ்டில் சார்லஸ் பிராட்லாவின் பகுத்தறிவுச் சங்கத்தில் சேர்ந்தார். பிராட்லா நடத்திய வார இதழில் வாரம் ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங் ஊதியத்தில் வேலை கிடைத்தது. வாரந்தோறும் தவறாமல் வந்த அவருடைய முதல் வருமானம் இதுவே. அதே மாதத்தில் பொதுமேடையில் முதன்முதலாகப் பேசினார்; பெண்களின் அரசியல் உரிமை என்பது பொருள். சிப்சி கோயிலில் ஆளில்லாத பெஞ்சுகளுக்குப் பேசிப் பழகியது வீண் போகவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எங்கும் சுற்றிப் பேசினார். கல் வீசிய கூட்டங்களும் உண்டு. இரவில் குளிரும் மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளில் திரும்பி மேபலிடம் வந்து சேர்வார்.

இந்த வெற்றியே அவருக்கு வினையாயிற்று. கருத்தடை முறைகளை விளக்கும் மருத்துவ நூல் ஒன்றை 1877-இல் பிராட்லாவும் அவரும் மறுபதிப்புச் செய்தார்கள். பிள்ளைமேல் பிள்ளை பெற்று நலியும் ஏழைத் தாய்மார்கள் அறியட்டும் என்பது நோக்கம். ஆபாச நூல் என்று வழக்குப் போடப்பட்டது. அம்மையார் வழக்கறிஞர் வைக்காமல் தாமே வாதாடினார். ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல் முறையீட்டில் 1878-இல் சட்ட நுணுக்கத்தால் அது தள்ளுபடியாயிற்று. வழக்கின் புகழால் அந்நூல் சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது தனிக்கதை.

சிறைக்குத் தப்பினார், ஆனால் சிப்சிப் பாதிரியார் காத்திருந்தார். நாத்திகம் பேசி ஆபாச நூல் விற்கும் தாயிடம் பெண் குழந்தை வளரக்கூடாது என்று 1878-இல் வழக்குத் தொடுத்தார். நீதிபதி சர் ஜார்ஜ் ஜெசல். இங்கும் அம்மையார் தாமே வாதாடினார். ஒரு பெண் மன்றத்தில் எழுந்து நின்று பேசுவதே நீதிபதிக்குப் பிடிக்கவில்லை. குழந்தையை அவர் கவனிக்கவில்லை என்றோ, கொடுமைப்படுத்தினார் என்றோ சொல்ல எதிர்த்தரப்புக்கு வழியில்லை. கவனிப்பு நன்றாகவே இருந்தது. கொள்கைதான் குற்றம். 1878 மே மாதத்தில் தீர்ப்பு எதிராக வந்தது. அப்போதுதான் காய்ச்சலிலிருந்து தேறிக்கொண்டிருந்த மேபலைத் தந்தை அனுப்பிய ஆள் வந்து, அலறி முரண்டு பிடிக்கப் பிடிக்கத் தூக்கிக்கொண்டு போனார். எட்டு வயது இன்னும் நிறையவில்லை. அம்மையார் கடுங்காய்ச்சலில் விழுந்து பல வாரம் நினைவு தடுமாறிக் கிடந்தார்.

இதில் ஒரு கொடிய விந்தையும் உண்டு. அடிக்கும் கணவனிடமிருந்து மனைவி பிரிந்து வாழவும், பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் நீதிமன்றம் ஆணையிடலாம் என்ற சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது அதே 1878 மே மாதத்தில்தான்! நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்துக் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை. அவருக்குப் பின்னரே தாய். ஐந்து வயது வரை குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம் என்ற சலுகை உண்டு. பின்னர் என்ற சொல்லுக்குத் தந்தை இறந்த பின்னர் என்று மட்டும் பொருள் கொள்ளக்கூடாது என உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 ஆகிவிட்டது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் தனிச்சட்டம் நம் நாட்டில் 2005-இல் வந்தது.

அம்மையார் மேல்முறையீடு செய்தார். 1879-இல் பிள்ளைகளைப் பார்த்து வரும் உரிமை கிடைத்தது. சில முறை போய்ப் பார்த்தார். ஒவ்வொரு சந்திப்பும் குழந்தைகளை அலைக்கழிப்பதைக் கண்டு, அவர்கள் வளர்ந்து தாமாக முடிவெடுக்கும் வரை பார்ப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டார். இந்த முடிவு சரியா என்று எங்கள் விடுதித் தோழியரிடையே ஓர் இரவு முழுதும் வாதம் நடந்தது. பிள்ளை நம்மை மறந்துவிட்டால் என்ன செய்வது என்றார்கள் சிலர். என்னாலும் முடிவுக்கு வர முடியவில்லை.

பிற்பாதி வாழ்க்கை புத்தகங்களில் விரிவாக இருப்பதால் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானம் படித்தார், தொழிலாளர் வகுப்புகளில் கற்பித்தார். 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் நிலையை எழுதி வெளிப்படுத்தினார். சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றார்கள். அதே ஆண்டில் லண்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பசித்த பிள்ளைகளுக்கு உணவு தருவதற்காகப் பாடுபட்டார். 1889-இல் நாத்திகத்தை விட்டுப் பிரம்மஞான சபையில் சேர்ந்தார். பழைய நண்பர்கள் திகைத்தார்கள்; எனக்கும் அது வியப்புத்தான்.

1893 நவம்பரில் இலங்கை வழியாகக் கப்பலில் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். இந்திய மண்ணில் அவர் முதலில் கால் வைத்தது நம் தென்பாண்டி நாட்டில். அங்கிருந்து மதுரை, திருச்சி என்று பயணம் வடக்கே சென்றது. மதுரையிலிருந்து திருச்சிக்குப் போகும் ரயில் பாதை நம் திண்டுக்கல் வழியேதான் போகிறது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. காசியில் மத்திய இந்துக் கல்லூரி 1898-இல், சபைத் தலைமை 1907-இல், ஊட்டியில் காவல் 1917-இல். அதே 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்துக்கும் அவரே முதல் தலைவர்.

ஒன்றை மறைக்கக்கூடாது. ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனையும் அவன் தம்பியையும் அம்மையார் தம் பொறுப்பில் எடுத்து வளர்த்தபோது, பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு அவர்களின் தந்தை நாராயணையா 1912-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். சென்னையில் தீர்ப்பு தந்தைக்குச் சாதகமாக வந்தது. 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றி அம்மையார் பக்கம் நின்றது. பெற்ற பிள்ளையை நீதிமன்றத்தில் இழந்தவர், இன்னொருவர் பெற்ற பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடினார். அப்போது மேபலை நினைத்திருப்பாரா?

மேபலும் டிக்பியும் தாயை மறக்கவில்லை. தந்தையின் பிடியிலிருந்து விடுபடும் வயது வந்ததும் இருவரும் தாயிடமே வந்து சேர்ந்தார்கள். அம்மையார் தூத்துக்குடிக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. பிராங்க் பெசன்ட் 1917-இல் இறந்தார். அவர்களுக்குள் மணமுறிவு நடக்கவே இல்லை. 1933 செப்டம்பர் 20-ஆம் நாள் அடையாற்றில் அம்மையார் மறைந்தபோதும் அவர் பெயரில் பெசன்ட் என்பது இருந்தது. பெசன்ட் நகரில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களில் சிப்சிப் பாதிரியாரைக் கேள்விப்பட்டவர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.